‘கஷாயம் மாதிரி இருக்கு மச்சி!’ – வீட்டு இஞ்சி பீர்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் இஞ்சி பீர் போடும் முறையைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். பெயரில் பீர் இருந்தாலும் அது சர்க்கரை, இஞ்சி, எலுமிச்சை சேர்த்து ஒரு நாள் மட்டும் நொதிக்கவிடும் சோடா. எப்படிச் செய்வது என்று சந்தேகம் கேட்டு வந்த கடிதங்கள் கொஞ்சம்தான். செய்து வைத்ததை நண்பர்கள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை என்று வந்தவைதான் அதிகம்.

அந்த இதழைத் தவறவிட்டவர்களுக்காக அளவுகளை மட்டும் மறுபடி தருகிறோம். முதலில் இஞ்சி உறை, அதாவது பானத்தை நொதிக்கவைக்கும் கரைசல். கொதித்து ஆறிய தண்ணீர் 300 மி.லி., தோலோடு துருவிய இஞ்சி 15 கிராம், சர்க்கரை 15 கிராம் மூன்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டுத் துணியால் மூடிவையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறினால் சென்னை வெயிலுக்கு மூன்றாம் நாளே நுரைத்துப் பொங்கும். பிறகு பானம். தண்ணீர் 750 மி.லி., சர்க்கரை 140 கிராம், 120 கிராம் இஞ்சி, 50 மி.லி. எலுமிச்சைச் சாறு (மூன்று பழம்), வடிகட்டிய உறை 100 மி.லி. காலி சோடா பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலில் மூன்று விரற்கடை இடம் விட்டு ஊற்றி, 18 முதல் 24 மணி நேரம் வெளியே, பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில். ஒரு லிட்டர் சொச்சம் கிடைக்கும். இது கெட்டியான அடிப்படைப் பானம். குடிக்கும்போது சரிபாதி சோடா கலக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன அளவில்தான் போட்டேன். எனக்கு அமிர்தமாக இருக்கிறது. நண்பர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, “கஷாயம் மாதிரி இருக்கு மச்சி” என்று தம்ளரை வைத்துவிடுகிறார்கள். எல்லோரும் கோலா, பன்னீர் சோடா ஆட்கள். என்ன தவறு? – வேளச்சேரி வாசகர்

உங்கள் நண்பர்களின் நாக்கைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் இஞ்சி நாக்குக்கு அறிமுகமாவதே மருந்தாகத்தான். அஜீரணத்துக்கு இஞ்சிச் சாறு, சளிக்குச் சுக்குக் கஷாயம், தீபாவளி விடிகாலையில் லேகியம். அதே வாசனையோடு, கலங்கலாக, பாதிக் குளிர்ச்சியில் ஒரு பானம் வந்தால் மூளை அதைச் சோடா என்று எடுத்துக்கொள்ளாது. எனவே மருந்தை நினைவூட்டும் ஒவ்வொன்றையும் அகற்ற வேண்டும்.

முதலில் விசாரிக்க வேண்டியது, இஞ்சியைக் கொதிக்கவைத்தீர்களா என்பதை. இஞ்சியைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் எலுமிச்சை போன்ற மேல் வாசனை ஆவியோடு போய்விடும். வெந்த இஞ்சி மணம்தான் மிஞ்சும். அதுதான் கஷாய வாசனை. நண்பர்களுக்கு என்று போடும்போது சர்க்கரையை மட்டும் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இஞ்சியைத் தோல் சீவித் துருவி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழியுங்கள். 120 கிராம் இஞ்சிக்கு 60 மி.லி. வரை சாறு வரும். அதை அசைக்காமல் அரை மணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். பாட்டிமார் இஞ்சிச் சாறு தெளியவைத்து மேலாக இறுப்பது நினைவிருக்கிறதா? அதே கைப்பக்குவம்தான். தெளிவை மட்டும் எடுத்து, ஆறிய சர்க்கரைத் தண்ணீரில் சேருங்கள். அந்த மாவு போனால் பாதிக் கலங்கல் போய்விடும், தொண்டையில் ஒட்டுகிற மாதிரி இருப்பதும் குறையும்.

இரண்டாவது, இனிப்பு எதிலிருந்து வருகிறது என்பது. கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ போட்டிருந்தால் அது சுக்குக் காபியின் தம்பியாகிவிடும். கூடவே ‘உடம்புக்கு நல்லது’ என்று நாலு மிளகும் ஒரு துண்டு பட்டையும் தட்டிப் போட்டிருந்தால் இருமல் மருந்தேதான். முதல் இரண்டு மூன்று முறைக்கு வெள்ளைச் சர்க்கரை மட்டும் போதும். வாசனைக்கு எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் அரை பழத்துக்குத் துருவிச் சேர்க்கலாம். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும்.

மூன்றாவது காரம். நீங்கள் பழகியவர், 120 கிராம் உங்களுக்குச் சரி. புதியவர்களுக்கு 80 கிராமில் தொடங்குங்கள். இஞ்சியைப் பார்த்து வாங்குவதும் முக்கியம். பொங்கலையொட்டித் தழையோடு வரும் இளம் இஞ்சியில் நீர் அதிகம், நார் குறைவு, காரம் மென்மை. கோடையில் கிடைக்கும் முற்றல் இஞ்சி அதே எடைக்கு இன்னும் காரமாக இருக்கும். காய்ந்து சுருங்கியதில் சாறும் வராது, சுக்கின் காட்டம் ஏறியிருக்கும். இஞ்சி காயும்போதும் சூடாகும்போதும் அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் இன்னும் காட்டமானது.

இனி குளிர்ச்சி. பலர் தோற்பது இதில்தான். கோலாவை யாரும் வெதுவெதுப்பாகக் குடிப்பதில்லை. குளிரில் இனிப்பும் காரமும் சற்று அடங்கும், கேஸ் தங்கும். 4 டிகிரியில் தண்ணீரில் கரைந்து நிற்கிற கரியமில வாயுவில் பாதிகூட 30 டிகிரியில் நிற்காது. ஃப்ரிட்ஜ் கதவில் வைத்த பாட்டில் சரியாகக் குளிர்ந்திருக்காது. உள்தட்டில், பின்சுவரை ஒட்டிவையுங்கள். கலக்கப்போகும் சோடாவும் அதே அளவு குளிர்ந்திருக்க வேண்டும்.

ஊற்றும் விதம்: 250 மி.லி. கண்ணாடித் தம்ளரில் இரண்டு ஐஸ், பானம் 100 மி.லி., அதன்மேல் தம்ளரைச் சாய்த்து ஓரமாகச் சோடா 100 மி.லி. சர்க்கரை கலந்தது கனமானது, கீழேயே நிற்கும். நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு சுற்று. நாலு சுற்றுச் சுற்றினால் கேஸ் போச்சு. பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை வண்டலை ஊற்றாமல் நிறுத்திவிடுங்கள். எவர்சில்வர் தம்ளர் வேண்டாம். உள்ளே இருப்பது தெரியாத தம்ளரில் இஞ்சி மணம் வந்தால் கை தானாகக் கஷாயம் குடிக்கத் தயாராகிவிடும்.

இந்த அளவில் தம்ளரில் 100 மில்லிக்கு 6 கிராம் சொச்சம் சர்க்கரை இருக்கும். வழக்கமான கோலாவில் 10 கிராமுக்கு மேல். ஆகவே உங்கள் நண்பர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்று படலாம். சர்க்கரையைக் கூட்டாதீர்கள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள். எலுமிச்சை சோடாவில் உப்பு செய்யும் வேலையை இதிலும் செய்யும்.

பெயரைக் கேட்டதும் மாமனார் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். இதில் ஆல்கஹால் உண்டா இல்லையா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? – அம்பத்தூர் வாசகி

உண்டு, கொஞ்சம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் கேஸும் ஆல்கஹாலும் சேர்ந்தேதான் வரும். ஒன்றை மட்டும் தா என்று கேட்க முடியாது. கணக்கு இது: ஒரு லிட்டரில் 10 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கேஸும் 0.6 சதவீத ஆல்கஹாலும் உண்டாகும். சோடா போல நுரைக்க அந்த இரண்டரை லிட்டர் வேண்டும். அதாவது 24 மணி நேரத்தில் சரியாகக் கேஸ் பிடித்த பானத்தில் அரை சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் இருக்கும். சரிபாதி சோடா கலந்தால் தம்ளரில் 0.3 சதவீதம். கெட்டியாகப் போட்டுச் சோடா கலக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் மதுபானம் என்ற வகைக்குள் வந்துவிடும்.

இந்தக் கணக்கு ஒரு நாளில் ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் செல்லும். மூன்று நாள் வெளியே விட்டால் இதே பாட்டில் வேறு சாமான்.

அதனால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுவதால் ஆல்கஹால் கூடாதவர்கள், மார்க்கக் காரணத்துக்காக ஒரு துளியும் தொடாதவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். அவர்களுக்கு உறை சேர்க்காத வகை போதும். அதே சர்க்கரைத் தண்ணீர், இஞ்சித் தெளிவு, எலுமிச்சை. உறையை மட்டும் விட்டுவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, சோடா ஊற்றிக் கொடுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சுவையில் லேசான புளிப்பு மட்டும் குறையும். அரை எலுமிச்சை கூடுதலாகப் பிழிந்தால் மாமனாருக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை. பெயரையும் ‘இஞ்சி சோடா’ என்று மாற்றிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

யூடியூபில் பார்த்து, கம்பி மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஊற்றி நான்கு நாள் சமையல் மேடையில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு ஒன்று வெடித்து, கண்ணாடி கூடம்வரை சிதறியது. இன்னும் இரண்டு பாட்டில் அப்படியே இருக்கின்றன. – பெருங்குடி வாசகர்

முதலில் அந்த இரண்டு பாட்டில்கள். வெறும் கையால் தூக்காதீர்கள், குலுக்காதீர்கள். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணுக்கு ஹெல்மெட்டின் கண்ணாடியாவது போட்டுக்கொண்டு, நனைத்த கோணிச் சாக்கைப் பாட்டில்கள்மேல் போர்த்தி, அப்படியே சுற்றி, ஐஸ் நிரப்பிய பக்கெட்டில் இறக்குங்கள். ஆறு மணி நேரம் யாரும் பக்கத்தில் போக வேண்டாம். நன்றாகக் குளிர்ந்ததும் கேஸ் திரவத்துக்குள் இறங்கி அழுத்தம் குறையும். பிறகு சாக்கை எடுக்காமலே அதற்குள் கைவிட்டுக் கம்பியை நெம்புங்கள். பானம் பீறிட்டு வீணாகும், ஆகட்டும்.

ஏன் வெடித்தது? நீங்கள் பார்த்த செய்முறை 20 டிகிரி இருக்கும் ஊருக்கு எழுதப்பட்டது. அங்கே மூன்று நான்கு நாள் பிடிக்கும் வேலையை 32 டிகிரியில் ஈஸ்ட் ஒரே நாளில் முடித்துவிடும். முடித்துவிட்டு நிற்கவும் நிற்காது. ஒரு லிட்டரில் 130 கிராம் சர்க்கரை பாக்கி இருக்கிறது. அத்தனையும் நொதித்தால் 30 லிட்டருக்கு மேல் கேஸ். நமக்குத் தேவை இரண்டரை. எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்கப் பிறந்ததில்லை. காலி பீர் பாட்டில், ஜாம் பாட்டில், அழகுக்கு விற்கும் சதுரக் கண்ணாடி எதுவுமே கூடாது. சதுர பாட்டில் முனைகளில் முதலில் விரியும்.

பெட் சோடா பாட்டில்தான் சரி, அதிலும் சோடா வந்த பாட்டில். தண்ணீர் பாட்டில் மெல்லிசு, கேஸுக்காகச் செய்யப்படவில்லை. பெட்டின் இன்னொரு சௌகரியம், விரலால் அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். கடையில் வாங்கிய திறக்காத சோடா பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை இரண்டையும் அமுக்கிப் பாருங்கள். அதே இறுக்கம் வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், மணி எத்தனையானாலும் சரி. மே மாதத்தில் 14 மணி நேரத்தில்கூட வந்துவிடும். இரவு போட்டுவிட்டுத் தூங்குவதைவிட அதிகாலையில் போடுவது நல்லது, இறுக்கம் ஏறும் நேரத்தில் விழித்திருப்பீர்கள்.

ஃப்ரிட்ஜிலும் ஈஸ்ட் சாவதில்லை, சோம்பிக் கிடக்கும். ஐந்தாறு மணி நேரம் மின்வெட்டு வந்தால் எழுந்துவிடும். கரன்ட் வந்ததும் பாட்டில்களை அமுக்கிப் பார்த்து, கல்லாக இருந்தால் மூடியைக் கால் திருகு மட்டும் திறந்து, ‘ஸ்ஸ்’ என்றதும் மூடுங்கள். நுரை கழுத்தைத் தொடாதவரை இப்படி நாலைந்து தடவை. எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

மகளும் மாப்பிள்ளையும் டெக்சஸில். மாப்பிள்ளை வீட்டிலேயே நிஜ பீர் போடுகிறார். கசப்பாக ஏதோ ஐபிஏவாம். அவர் நண்பர்கள் அதைத் தொடாமல் கையோடு பட் லைட் கொண்டுவருகிறார்களாம். மனம் ஒடிந்து போயிருக்கிறார். அவருக்கு ஏதாவது சொல்ல முடியுமா? இங்கே வந்து போட முடியுமா? – மேடவாக்கம் வாசகர்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்தக் குடிக்கு மட்டும் என்பதெல்லாம் செல்லாது. அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டம் வீட்டு பீருக்குக் கூட்டாட்சி அளவில் வரிவிலக்கு தந்தது. வயது வந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், விற்கக் கூடாது. அவர் அங்கேயே போடட்டும்.

மாப்பிள்ளையின் சங்கடமும் வேளச்சேரிக்காரரின் சங்கடமும் ஒன்றுதான். கசப்பை ஐபியு என்ற அலகில் அளப்பார்கள். பட் லைட் மாதிரிக் கடையில் கிடைக்கும் லைட் லாகர் என்ற மெல்லிய பீர் பொதுவாக 10-ஐ ஒட்டி. ஐபிஏ 50-க்கும் 70-க்கும் நடுவில். 10-இலிருந்து 60-க்கு ஒரே தாவலில் யாரும் வரமாட்டார்கள். 15-இல் ஒரு படி போட்டால் ஏறுவார்கள்.

அவர் ஐந்து காலன், அதாவது 19 லிட்டர் போடுபவராக இருந்தால் இதைச் சொல்லுங்கள். வெளிர் பார்லி மால்ட் (முளைவிட்டுக் காயவைத்த பார்லி) 3.2 கிலோ, அரிசி அவல் 700 கிராம். நம் வீட்டு அவலே போதும் என்றால் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. பல பெரிய கம்பெனிகளின் லாகர் மெல்லிசாக இருப்பது அரிசியோ சோளமோ சேர்ப்பதால்தான். 64, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து நன்றாகச் சர்க்கரையாக உடைந்து வாயில் ஒட்டாத பீர் வரும். ஹாலர்டாவ் போன்ற காட்டமில்லாத ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) 30 கிராம், கொதி தொடங்கும்போதே. கடைசியில் வாசனைக்கு என்று ஒரு பிடி போடும் பழக்கத்தை இந்த முறை மட்டும் கட்டுப்படுத்திக்கொள்ளட்டும். கொல்ஷ் என்ற ஜெர்மன் பீருக்கான ஈஸ்ட், 15 முதல் 17 டிகிரியில் பத்து நாள். பிறகு 1, 2 டிகிரிக் குளிரில் இரண்டு மூன்று வாரம். அவசரக்காரர்கள் குளிரில் வைக்கும் இந்த நாட்களைத்தான் வெட்டுவார்கள். அப்போது கலங்கலும் ஈஸ்ட் வாசனையும் பாட்டிலுக்குப் போய்விடும். தெளிவு போதவில்லை என்றால் அரைத் தேக்கரண்டி ஜெலட்டினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். ஆனால் சைவ நண்பர்களிடம் சொல்லிவிட வேண்டும், அது விலங்கிலிருந்து எடுப்பது. பாட்டிலில் கேஸ் பிடிக்க 19 லிட்டருக்கும் சேர்த்து 125 கிராம் சர்க்கரை. ஆல்கஹால் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும்.

பரிமாறும்போது கண்ணாடி ஜக்கில் மெதுவாக இறுத்து, வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு, நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்கட்டும். ஐபிஏவை அவர் குடிக்கட்டும். யாராவது “உன் தம்ளர்ல என்ன?” என்று கேட்கும்வரை அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உறை ஒரே கொழகொழவென்று விளக்கெண்ணெய் மாதிரி இழுக்கிறது. பக்கத்து வீட்டில் போட்டதில் கேஸே வரவில்லை. – திருவொற்றியூர் வாசகி

கொழகொழப்பு வெயில் காலத்து நோய். சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கும் லூக்கோநாஸ்டாக் வகைப் பாக்டீரியா ஈஸ்டை முந்திக்கொண்டால் இப்படி இழுபடும். விஷமில்லை என்றாலும் அதை எந்த நண்பருக்கும் கொடுக்க முடியாது. கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, புது இஞ்சியில் தொடங்குங்கள். இம்முறை முதல் நாளே அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். லேசான புளிப்பை ஈஸ்ட் பொறுத்துக்கொள்ளும். இழுக்கிற சாதிக்கு அது ஆகாது. வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஈரத்துணி சுற்றுவது மதுரையில் நன்றாக வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் துணி காயாததால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்காது. தெர்மாகோல் பெட்டியில் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்பது மேல்.

பக்கத்து வீட்டுக்கு: குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினார்களா? குளோரின் இருந்தால் உறை எழும்பாது. கொதிக்கவைத்து ஆறவிடச் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீர் சூடாக இருக்கும்போதே உறையைச் சேர்த்திருந்தாலும் ஈஸ்ட் செத்திருக்கும். கையில் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியக் கூடாது. நுரைக்காத உறையைப் ‘பாட்டிலில் நுரைக்கும்’ என்று நம்பி ஊற்றுவது மூன்றாவது காரணம். இஞ்சித் துண்டுகள் மேலே மிதந்து, கிளறினால் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். கடைசியாக, மூடி. பழைய மூடியின் உள்வளையம் தேய்ந்திருந்தால் கேஸ் கசியும். மூடிய பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் வழித்து எறிந்துவிட்டுத் தொடரலாம். பச்சையோ கறுப்போ பஞ்சு மாதிரிப் பூசணம் என்றால் ஜாடியோடு காலி. நெயில் பாலிஷ் வாசனை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

இந்த உறையும், வெளிநாட்டில் சொல்லும் ‘ஜிஞ்சர் பீர் பிளான்ட்’டும் ஒன்றா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அது ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக இருக்கும் தனிக் கூட்டணி. மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1892-இல் அதில் ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்வதை விளக்கினார். நம் உறையில் இஞ்சித் தோலில் என்ன இருந்ததோ அதுதான்.

சனிக்கிழமை மாலை அண்ணா நகரில் மொட்டை மாடிக் கூட்டம், 12 பேர். நான் தாம்பரத்திலிருந்து கொண்டுபோக வேண்டும். எவ்வளவு, எப்போது போடுவது? – தாம்பரம் வாசகர்

ஆளுக்கு 200 மி.லி. தம்ளர் இரண்டு என்றால் மொத்தம் 4.8 லிட்டர். பானம் இரண்டரை லிட்டர், சோடா இரண்டரை லிட்டர். பானத்தை அரை லிட்டர் பாட்டில்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய பாட்டில் ஒருமுறை திறந்தால் கடைசித் தம்ளருக்குள் செத்துவிடும்.

உறை கையில் இல்லையென்றால் முந்தின ஞாயிறு தொடங்குங்கள். வெள்ளி அதிகாலை 5 மணிக்குப் பாட்டிலில் ஊற்றினால் இரவு 9 முதல் 11-க்குள் இறுகிவிடும், ஃப்ரிட்ஜுக்குள் போகும். சனி மாலைக்குள் 18 மணி நேரக் குளிர்ச்சி கிடைத்துவிடும். வியாழன் இரவு ஊற்றினால் வெள்ளி மதியம் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது முற்றிவிடும். அந்த வேலை வேண்டாம்.

பயணத்துக்குத் தெர்மாகோல் பெட்டி, அடியிலும் மேலும் ஐஸ், பாட்டில் நிற்கும் நிலையில். பைக்கில் காலுக்கு நடுவே வைத்தால் வண்டல் முழுக்கக் கலங்கும். மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போவது உத்தமம், ஆனால் கோடம்பாக்கத்திலோ நுங்கம்பாக்கத்திலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் பெட்டியிலேயே அசையாமல் இருக்கட்டும். சோடாவை அவசரமாகக் குளிரவைக்க, பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் ஒரு பிடி கல்லுப்பும். அரை மணி நேரம் போதும். இதற்கு மீன் கடை பார் ஐஸ் பரவாயில்லை. தம்ளருக்குள் போடும் ஐஸ் மட்டும் வீட்டில் குடிநீரில் பிடித்ததாக இருக்க வேண்டும்.

நண்பர்களுக்குப் பிடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “சூப்பர்” என்கிறார்கள், தம்ளரில் பாதி அப்படியே இருக்கிறது. ஒருவன் ஒவ்வொரு தடவையும் பொவண்டோ பாட்டிலோடுதான் வருகிறான். – மயிலாப்பூர் வாசகர்

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் வரும், நம் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். “காரம் கூடவா குறைவா?”, “இனிப்பு பத்தலையா?” என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லை. பதிலைப் பாட்டிலில் ஒட்டிய காகிதத்தில் இஞ்சி, சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் ஊற்றலே முழுத் தம்ளர் வேண்டாம். 60 மி.லி. போதும். மிச்சம் வைக்கும் சங்கடம் அவர்களுக்கும் இருக்காது. செய்முறை விளக்கம், ஈஸ்ட் பெருமை எல்லாம் கேட்டால் மட்டும்.

பொவண்டோ நண்பரை விட்டுவிடுங்கள். விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் பானம் அது, பலருக்குச் சின்ன வயது ஞாபகமும் அதில் இருக்கிறது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்க உங்கள் பாட்டிலால் ஆகாது. அவருக்காக ஒரு பொவண்டோவை நீங்களே வாங்கி உள்தட்டில் குளிரவைத்திருங்கள். கொஞ்சம் பழகியபின், அவர் சம்மதித்தால், தம்ளரில் மூன்று பங்கு பொவண்டோவுக்கு ஒரு பங்கு உங்கள் பானம் ஊற்றிப் பாருங்கள், சோடா வேண்டாம். அந்தத் திராட்சை வாசனைக்கு இஞ்சி நன்றாகப் பொருந்தும். பொவண்டோவை முதலில் ஊற்றி, நுரை அடங்கியதும் பானத்தை விடுங்கள். மாற்றிச் செய்தால் மேஜை துடைக்கத் துணி வேண்டியிருக்கும்.